முப்பது சதவீதம் யார் தவறு?

விபத்து வழக்குக் கட்டு ஒன்றைப் பிரித்தால், எஃப்.ஐ.ஆருக்கு அடுத்தபடியாகக் கைக்கு வருவது சம்பவ இடத்தின் வரைபடம். நம் ஊரில் பார்வை மகஜரோடு சேர்ந்திருக்கும், நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் புனேயில் பஞ்சநாமாவோடு. இரண்டு இணைகோடுகள் சாலை, ஒரு செவ்வகம் லாரி, ஒரு பெருக்கல் குறி பைக் விழுந்த இடம், மூலையில் வடக்கைக் காட்டும் அம்பு. அந்தப் பெருக்கல் குறி சாலை ஓரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி விழுந்திருக்கிறது என்பதில் பல லட்சம் ரூபாய் அடங்கியிருக்கிறது. படம் வரையப்படும் நேரத்தில் பைக்கை ஓட்டியவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார், அல்லது சவக்கிடங்கில். லாரி ஓட்டுநர் ஓடிப்போகாமல் நின்றிருந்தால், நடந்ததைச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு முறையை மொத்தமாகத் திட்டித் தீர்ப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இழப்பை எண்ணிப் பார்ப்பதில் நம் நீதிமன்றங்கள் நன்றாகவே தேறியிருக்கின்றன. தவறைப் பங்கிடுவதில்தான் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு கைவைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் பைக்கில் போகிறவன் அடிபடுவது இந்த இரண்டாவது இடத்தில்.

முதலில் நல்லதைப் பார்ப்போம். 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அட்டவணையைத் தந்தது. அதற்கு முன், ஆண்டு வருமான இழப்பைப் பெருக்கும் எண் நீதிபதிக்கு நீதிபதி மாறிக்கொண்டிருந்தது. இப்போது இறந்தவரின் வயது 26-இலிருந்து 30-க்குள் என்றால் 17. 41-இலிருந்து 45 என்றால் 14. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எதிர்காலத்தில் கூடியிருக்கக்கூடிய வருமானத்தையும் சேர்க்கச் சொன்னது: நாற்பது வயதுக்குள் நிரந்தர வேலையில் இருந்தவருக்கு 50 சதவீதம், மற்றவருக்கு 40.

விருதுநகரிலிருந்து போய், புனேக்கு வடக்கே சாக்கன் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக மாதம் 20,000 வாங்கும் 28 வயது இளைஞர் ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டு வருமானம் 2,40,000. அதோடு 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. மணமாகாதவர் என்றால் சொந்தச் செலவுக்குப் பாதி கழியும்: 1,68,000. அதைப் 17-ஆல் பெருக்கினால் 28,56,000. மனைவி, குழந்தை, தாய் என மூவர் அவரை நம்பியிருந்தால் கழிவது மூன்றில் ஒரு பங்குதான். தொகை 38,08,000 ஆகிவிடும். ஈமச் செலவு போன்றவற்றுக்கான சிறு தொகைகள் தனி. இதைப் பள்ளிப் பிள்ளை கூடப் போட்டுவிடலாம். அதுதான் இதன் பெருமை. மகனைப் பறிகொடுத்த அப்பா, வக்கீல் சொல்லும் எண் சரியா என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ள முடிகிறது. மனுவில் குறைவாகக் கேட்டிருந்தாலும் நியாயமான தொகையை மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் கூட்டித் தரலாம் என்பதும் உச்ச நீதிமன்றம் எப்போதோ தீர்த்துவைத்த விஷயம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. விபத்து புனேயில் நடந்தாலும் மனுவைச் சிவாஜிநகர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்தையும் அனுமதிக்கிறது. விருதுநகர் அப்பா விருதுநகரிலேயே வழக்கு நடத்தலாம். மராத்தியில் எழுதிய எஃப்.ஐ.ஆரை மொழிபெயர்த்து வைக்கும் பாடு மட்டும் மிச்சம்.

அட்டவணைக்கு ஒரு கறையும் உண்டு. அது உயிரை அல்ல, சம்பளத்தை அளக்கிறது. 2024 மே 19 அதிகாலையில் புனேயின் கல்யாணி நகரில் பைக்கில் போன இரண்டு பொறியாளர்கள் போர்ஷே கார் மோதி இறந்தார்கள். ஓட்டியதாகக் கைதானவனுக்கு வயது 17. முன்னூறு சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததும், ரத்த மாதிரியை மாற்றிவிட்டதாகச் சசூன் மருத்துவமனை மருத்துவர்கள் கைதானதும் நாடே பேசியவை. பேசப்படாத விஷயம், இழப்பீட்டுக் கணக்கில் போர்ஷேக்கு இடமே இல்லை என்பது. மோதியது கோடிக்கணக்கில் விலையுள்ள காரா, பழைய டெம்போவா என்று அட்டவணை கேட்பதில்லை. இறந்தவரின் சம்பளச் சீட்டைத்தான் கேட்கிறது. காப்பீடு இருந்தால் பணம் கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனம். பாதிக்கப்பட்டவருக்கு இது நல்லது. வசூலுக்கு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். ஆனால் தவறு செய்தவரின் மடியை இழப்பீட்டுத் தீர்ப்பு பெரும்பாலும் தொடுவதே இல்லை.

இனி தவறின் பங்கு. இதற்கு நான் புனேயை விட்டுக் கோவைக்கு வர வேண்டியிருக்கிறது. இவ்வளவு துலக்கமான வழக்கு வேறில்லை. 2017 ஜனவரியில் பொறியியல் மாணவர் ஒருவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் சட்டென்று பிரேக் போட்டு நின்றது. பைக் காரில் மோத, மாணவர் கீழே விழுந்தார். பின்னால் வந்த பஸ் காலில் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணியான மனைவிக்கு வாந்தி வருவதுபோல் இருந்ததால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். தீர்ப்பாயம் காரின் மேல் தவறே இல்லை என்றது. பஸ் 80, மாணவர் 20. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று முடித்தது. நெடுஞ்சாலையில் சிக்னல் காட்டாமல் திடீரென நிறுத்துவது அலட்சியம்தான் என்று அது தெளிவாகச் சொன்னது வரவேற்க வேண்டியது.

மூன்று நீதிமன்றங்களுக்கும் சாட்சி ஒன்றுதான், சாலை ஒன்றுதான், கால் ஒன்றுதான். காரின் பங்கு மட்டும் பூஜ்யத்திலிருந்து 40-க்கும் 50-க்கும் போயிற்று. மொத்த இழப்பீடு சுமார் 1.14 கோடி என்பதால், மாணவரின் தலையில் ஏறி இறங்கிய அந்தப் பத்து சதவீதத்தின் விலை பதினோரு லட்சத்துக்கு மேல். இருபது ஏன், பதினைந்து ஏன் இல்லை என்பதற்குத் தீர்ப்பில் கணக்கு கிடையாது. முன்னால் போன வண்டிக்குப் போதிய இடைவெளி விடவில்லை, உரிமம் இல்லை என்ற இரண்டும்தான் காரணம். இடைவெளி சரி. உரிமம்? உரிமம் இல்லாமல் ஓட்டியது தண்டனைக்குரிய குற்றமாக இருக்கலாம், அதனாலேயே விபத்தில் அவருக்குப் பங்கு உண்டென்று ஆகிவிடாது என்று 2008-இல் சொன்னதும் இதே உச்ச நீதிமன்றம்தான். பையில் உரிமம் இருந்திருந்தால் முன்னால் கார் நின்றிருக்காதா?

ஹெல்மெட் விஷயத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. 2022-இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. ஆனாலும் புனேக்காரர்கள் 2019 ஜனவரியில் ஹெல்மெட் கட்டாயத்தை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். பஜாஜ் வண்டிகள் பிறந்த ஊரில்! அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு அனுதாபம் கிடையாது. இருந்தாலும் ஹெல்மெட் இல்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பத்தோ இருபதோ கழிப்பது நியாயமாகாது. பைக்கில் மூன்று பேர் போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சரியான சோதனையைக் காட்டியது: விதி மீறல் விபத்துக்குக் காரணமானதா, அல்லது அடியின் கடுமையைக் கூட்டியதா? இரண்டும் இல்லையென்றால் கழிக்கக் கூடாது. தலையில் அடிபட்டால் ஹெல்மெட்டைக் கேளுங்கள். தொடை எலும்பு நொறுங்கியவரிடம் கேட்டு என்ன பயன்?

புனேயைச் சுற்றிய சாலைகளில் கழிவு பெரும்பாலும் இருட்டிலிருந்து வருகிறது. மும்பை விரைவுச் சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. பைக்குகள் பழைய நெடுஞ்சாலையிலும் நாசிக், சோலாப்பூர் சாலைகளிலும் லாரிகளோடு தோள் உரசிப் போகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கரும்பு அரவை தொடங்கிவிட்டால் தௌண்ட், இந்தாப்பூர் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் இரவெல்லாம் ஊர்கின்றன. பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பிரதிபலிப்பான் இருந்தாலும் தொங்கும் தோகை மறைத்துவிடும். அதில் மோதியவர் பின்னாலிருந்து மோதியவர் ஆகிறார். பின்னாலிருந்து மோதியவர் மேல்தான் தவறு என்ற வாய்ப்பாடு உடனே வந்து நிற்கும். டிராக்டருக்குக் காப்பீடு இருக்கும், டிரெய்லருக்கு இருக்காது. அது தனிச் சண்டை. விளக்கு எரியாமல் நெடுஞ்சாலையில் விட்டுச்சென்ற லாரியில் ஒரு கார் மோதிய கர்நாடக வழக்கில், 2024-இல் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்கள் போட்ட பாதிக்குப் பாதியை நீக்கி, முழுப் பொறுப்பும் லாரி மேல்தான் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் விளக்கு எரியவில்லை என்று முதல் நாள் யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அது உதவும்.

அதற்கு வழியும் பிறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் என்ற சாலை விபத்துத் தரவுத்தளத்தில், போலீஸ்காரர் சம்பவ இடத்திலிருந்தே படமும் வீடியோவும் இருப்பிடத்தோடு ஏற்றலாம். 2022 விதிகள்படி முதல் அறிக்கை 48 மணி நேரத்தில், விரிவான அறிக்கை 90 நாளில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஏட்டில் உள்ளபடி நடந்தால் சதவீதச் சூதாட்டத்தில் பாதி குறையும்.

பின்னால் உட்கார்ந்து போகிறவர் கதை இன்னும் மோசம். 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 2022-இல் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 714 ரூபாய். அந்தத் தொகைக்கு வெளியாரின் உயிருக்கு உச்சவரம்பே இல்லாத பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது. மலிவு என்றால் இதுதான் மலிவு. ஆனால் அந்த ‘வெளியார்’ கணக்கில் பின்சீட்டில் இருப்பவர் வரமாட்டார் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டிய நண்பர் தானாகச் சறுக்கி விழுந்து நீங்கள் அடிபட்டால், வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தால்தான் காப்பீட்டு நிறுவனம் தரும். இல்லையென்றால் நண்பர் மேலேயே வழக்குப் போட வேண்டும். இதை எந்த ஷோரூமிலும் சொல்லி விற்பதில்லை.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 161-ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. 2022-இல் இப்படி மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அந்த நிதியாண்டில் வந்த மனுக்களோ 205 மட்டும். உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் இதைப் பதிவு செய்து, திட்டம் இருப்பதைப் போலீஸே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. புதுப் பைக்குக்கு ஐந்தாண்டுக் காப்பீடு, விபத்துக்குப் பின் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்று அந்த ஒரு வழக்கு இழுத்துவந்தவை பல.

தவறைப் பற்றிய கேள்வியையே விட்டுவிட்டால் என்ன? நியூசிலாந்து 1974-இலிருந்து அப்படித்தான் செய்கிறது. யார் தவறாக இருந்தாலும் சிகிச்சையும் வருமானமும் அரசு நிதியிலிருந்து வரும், பைக் வைத்திருப்பவர் அதற்கெனக் கூடுதல் கட்டணம் கட்டுவார். நம்மிடமும் அதன் நிழல் உண்டு. 164-ஆம் பிரிவில் தவறை நிரூபிக்காமலே உயிருக்கு 5 லட்சம் கிடைக்கும். ஆனால் சட்டம் சொல்லும் நடைமுறைப்படி அதை வாங்கிக்கொண்டால் 166-ஆம் பிரிவு மனு காலாவதி. 28 லட்சம் கிடைக்க வேண்டிய விருதுநகர் அப்பா, கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஐந்தை வாங்கிக் கையெழுத்துப் போடுவாரா, பல ஆண்டு காத்திருப்பாரா? தேர்வு செய்யும் உரிமை என்று இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஐந்து லட்சத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு வழக்கைத் தொடர விடுவதில் என்ன கெட்டுவிடும்? போதாக்குறைக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் 2022 ஏப்ரலிலிருந்து திரும்பி வந்துவிட்டது. 1994-இல் கைவிட்ட கெடு அது. காலம் கடந்ததென்று எந்த மனுவையும் தள்ளக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகே மூச்சு வந்தது.

இவ்வளவு பங்கீட்டிலும் எப்போதும் பூஜ்யம் வாங்கித் தப்பிப்பது சாலை. புனே புறவழிச் சாலையில் காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை ஒரே இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க லாரிகள் நியூட்ரலில் இறங்குகின்றன என்பது ஊரறிந்த புகார். 2022 நவம்பர் 20 அன்று அங்கே ஒரே விபத்தில் 48 வாகனங்கள் நொறுங்கின. 2025 நவம்பர் 13 அன்று லாரிகளுக்கு நடுவில் சிக்கிய கார் தீப்பிடித்தது. அந்த விபத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்காமல் போகிறதென்றால் தவறு பிரேக்கில் மட்டுமா? சாலை வடிவமைப்பில் தரம் தவறியவருக்கு 198ஏ பிரிவு விதிக்கும் அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய்.

பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. குழியிலோ திறந்த சாக்கடைத் துவாரத்திலோ விழுந்து இறந்தால் 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரை சாலைக்குப் பொறுப்பான அமைப்பு தர வேண்டும். பிறகு ஒப்பந்தக்காரரிடமும் அதிகாரியிடமும் வசூலித்துக்கொள்ளலாம். வேறு வண்டி மோதாமல் குழியில் விழுந்த பைக்காரருக்கு இதுவரை யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் இருந்தது. ஆனால் உத்தரவு குழியோடு நிற்கிறது. நவலே இறக்கத்தில் குழி இல்லை. தார் வழவழவென்று இருக்கிறது. அங்கே லாரிக்கு அடியில் போன பைக்காரரின் மனைவி, இறக்கத்தை வடிவமைத்தவரை எதிர்மனுதாரராகச் சேர்க்க ஒரு பிரிவு சட்டத்தில் இன்னும் எழுதப்படவில்லை.