இருபது வரை எண்ணிய இரவும் சிபாப் இயந்திரமும்

"ஏங்க, நேத்து ராத்திரி குறட்டை திடீர்னு நின்னுச்சு. மூச்சே வரல. இருபது வரைக்கும் எண்ணிட்டு, பயந்துபோய் உங்களை உலுக்கினேன்." இதைச் சொன்னபோது என் மனைவியின் கை நடுங்கியது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் நான்கு மாதங்களாக இந்த சிபாப் இயந்திரம் உட்கார்ந்திருப்பதற்கு அந்த எண்ணிக்கைதான் காரணம்.

குறட்டை விடுகிறவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படாது. முதலில் சோதனை. நுரையீரல் மருத்துவர் ஒரு சிறிய கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். மூக்கடியில் குழாய், நெஞ்சில் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப், ஒரே ஒரு இரவு. பத்து வினாடியாவது மூச்சு நின்றாலோ, மூச்சு மிகவும் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மணிக்குச் சராசரியாக இப்படி எத்தனை முறை என்பதற்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். 5க்குள் இருந்தால் கவலையில்லை, 30ஐத் தொட்டால் தீவிரம். எனக்கு 34. காலைத் தலைவலியையும், இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்ததையும் அதுவரை வயதின் கணக்கில் எழுதியிருந்தேன்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. இந்த இயந்திரம் அறைக் காற்றையே சற்று அழுத்தத்தோடு மூக்குக்குள் செலுத்தி, அந்த வழி மூடாமல் பார்த்துக்கொள்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் 1980இல் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அதற்கு முன் இந்த அடைப்பு நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவதே வழியாக இருந்தது. அதை நினைத்துக்கொண்டால் முகத்தில் மாஸ்க் உறுத்துவது பெரிதாகத் தெரிவதில்லை.

நான் வாங்கியது ஆட்டோ வகை. 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை, தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எந்த எல்லைக்குள் ஓட வேண்டும் என்பதை மருத்துவர் வைத்துக்கொடுத்தார்; அதில் நாமாகக் கைவைக்கக் கூடாது. ஒலி மின்விசிறியைவிடக் குறைவு. படுத்ததும் மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும் 'ராம்ப்' வசதி முதல் வாரத்தில் பெரிய உதவி.

நிஜமான சோதனை மாஸ்க்கில்தான். மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க் என் மீசைமேல் சரியாக ஒட்டவில்லை. இரவு இரண்டு மணிக்கு 'உஸ்ஸ்' என்று காற்று கசிந்து நேராகக் கண்ணில் அடிக்கும். வாரை இறுக்க இறுக்கக் கசிவு கூடியது, மூக்குத்தண்டில் சிவப்புத் தடம் விழுந்தது. இயந்திரத்தை ஓடவிட்டு, படுத்த நிலையிலேயே வாரைத் தளர்த்தி, மாஸ்க்கைச் சற்றுத் தூக்கி மறுபடி உட்காரவைத்தால் சிலிக்கான் தானாகப் படிந்துகொள்ளும் என்று டெக்னீஷியன் காட்டிக்கொடுத்தார். பாதி கசிவு அதிலேயே நின்றது. மீதி, மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க்குக்கு மாறியபின் நின்றது. வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்கு அது சரிவராது. அதனால் இரண்டு மூன்று மாஸ்க்குகளை முகத்தில் வைத்துப் பார்க்கவிடாத கடையில் வாங்காதீர்கள்.

ஏசி அறையில் ஈரப்பதமூட்டியைக் கூட்டி வைத்தால் குழாய்க்குள் நீர் கோத்து முகத்தில் தெறிக்கிறது. ஒரு படி குறைத்தேன், சரியாயிற்று. எங்கள் போர்த் தண்ணீர் தொட்டியில் வெள்ளையாகப் படிந்துவிடும் என்பதால் காய்ச்சி வடித்த நீர்தான். கரண்ட் போனால் இயந்திரம் நின்று, தூக்கமும் கலைகிறது. படுக்கையறை பிளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாதவர்கள் முதலில் அதைக் கவனியுங்கள்.

இயந்திரத்தின் செயலி காலையில் மதிப்பெண் போடுகிறது. அதில் பெரும்பங்கு எத்தனை மணி நேரம் மாட்டினோம் என்பதற்கே. நான் பார்ப்பது ஏ.எச்.ஐ.யையும் கசிவையும் மட்டும். சென்ற வார ஏ.எச்.ஐ. சராசரி 2.6. தலைவலி இல்லை, நள்ளிரவில் எழுவதும் இல்லை.

இயந்திரம் 52,000 ரூபாய், மாஸ்க் தனி. ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன், அதையே உங்களுக்கும் சொல்வேன்.

என் தம்பிக்கும் இது இருக்குமோ என்று சந்தேகம். கழுத்து பருமன். மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிவிழுகிறான், பைக்கும் ஓட்டுகிறான். சோதனைக் கருவி வியாழக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறது.