‘ஃபேர்’: நிறமும் நியாயமும்

‘ஃபேர்’ என்ற ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் துண்டு போட்டுத்தான் பெயர்க்கிறோம். ஃபேர் பிரைஸ் ஷாப் என்றால் நியாய விலைக் கடை. பெண் ஃபேர் என்றால் சிவப்பு. வேலை சுளுவாக முடிந்துவிடுகிறது. என் கேள்வி வேறு: நிறமும் நியாயமும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும்போது அங்கே என்ன நடக்கிறது?

பழைய ஆங்கிலத்தில் இதற்கு அழகு, இனிமை என்றுதான் பொருள். நியாயம், வெளிர்நிறம் இரண்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. அழகானதை, முறையானதை, வெளுத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்றானபின், கறுப்பு எதுவும் சொல்லப்படாமலே எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 127ஆம் சானெட் இந்த வழக்கோடுதான் மல்லுக்கு நிற்கிறது. கிம் ஹால் தன் 1995ஆம் ஆண்டு நூலில் இந்த அழகுமொழியைக் கடல்வணிகத்தோடும் ஆப்பிரிக்கர் பற்றிய கதையாடல்களோடும் சேர்த்து வாசித்தார். ஜான் ஹாக்கின்ஸ் அடிமை பிடிக்கக் கப்பலேறியது 1562இல். காதல் கவிதை தனியே, கப்பல் தனியே என்று இனி வாசிக்க முடியாது.

இங்கே அந்தச் சொல் 1975இல் டியூபில் வந்தது: ஃபேர் அண்ட் லவ்லி. 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையை ஒட்டி எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு ‘குளோ’ ஆனது. பெயரடை போயிற்று, பூச்சு போகவில்லை. (மணமகள் தேவை விளம்பரத்தில் ‘வீட்டிஷ்’ என்று ஒன்று உண்டு. சோறு தின்கிற ஊரில் கோதுமை நிறம்!)

பழியை இங்கிலீஷ்காரன் தலையில் போட்டுட்டுப் போகவும் முடியாது. நம் ‘செம்மை’யிலும் சிவப்பு உண்டு, நேர்மை உண்டு. ஆனால் செங்கோலின் செம்மை வளையாமை. யாருடைய தோலையும் அது அளக்கவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து ‘நல்ல செவப்பு’ என்பவர்கள்தான் அளக்கிறார்கள். அதில் நிறம் மட்டுமா இருக்கிறது? சாதியும் இருக்கிறது, வெயிலில் வேலை செய்யாத உடம்பும் இருக்கிறது. ‘பொண்ணு ஃபேரா இருக்கா’ என்கிற அதே வாய்தான் இடஒதுக்கீடு என்றதும் ‘இது ஃபேரே இல்ல’ என்கிறது.

அந்தச் சானெட்டைத் தமிழில் கொண்டுவருபவர் என்ன செய்வார்? ‘அழகு’ என்றால் நிறம் உதிர்ந்துவிடும். ‘வெளுப்பு’ என்றால் தீர்ப்பு உதிர்ந்துவிடும். ‘சிவப்பு’ என்றால் பெண் பார்க்கும் படலம் உள்ளே நுழைந்துவிடும். நானாக இருந்தால் ‘ஃபேர்’ என்றே விட்டுவிடுவேன். வாசகர் அங்கே கொஞ்சம் இடறட்டும்.