வளர்ச்சியின் பட்டா யார் பெயரில்?

உலக நாடுகளின் வளர்ச்சி பற்றிய பட்ட மேற்படிப்பு இன்று பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நடைபெறுகிறது. அதன் தொடக்கமாக ஆசிரியர் பலரும் காட்டும் நாள், 1949 சனவரி 20. அன்றுதான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன், 'வளர்ச்சி குன்றிய பகுதி'களுக்கு அறிவியல் உதவி அளிப்போம் என்று அறிவித்தார். கொடுக்கும் கை ஒருபுறம், ஏந்தும் கை மறுபுறம்! ஏந்தும் நிலை ஏன் வந்தது? அந்தக் கேள்வியை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்ட ஊர், நம் செங்கற்பட்டு!

1891இல் அம்மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர், ஆதிதிராவிட மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் சிறப்பு யாது? வறுமையை விதியின் தலையிலே அது சுமத்தவில்லை. தரிசு நிலம் கேட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை நிற்கும் மனையும் மிராசுதாருடையதே. நிமிர்ந்து பேசினால் குடியிருப்பே பறிபோகும்! நிலமின்மையே அடிமைத்தளை என்று அவ்வறிக்கை கண்டது. 1892இல் அரசு நிலம் ஒதுக்கியது. பத்தாண்டுகள் விற்கக்கூடாது, பின்னர் விற்றாலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. அதுவே பஞ்சமி நிலம்.

அறிக்கையின் குறையும் அங்கேயே இருக்கிறது. நோயைக் கண்டவர், அதன் வேரான சாதியை வெட்டக் கருவி தரவில்லை. அவருடைய ஏட்டில் மக்கள் பெறுபவர்கள். முடிவு செய்பவர்கள் அல்லர்.

அக்குறையை நிறைக்க, அதே செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் சௌந்தரபாண்டியனார் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. சாதிப்பட்டம் ஒழிக என்றது. பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்றது. கேலி பேசினர் பழமை விரும்பிகள். ஆனால் அறுபதாண்டு கழித்து, 1989இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று!

1990 முதல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் வருவாயோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளக்கிறது. நல்ல அளவுகோல்தான். எனினும், நிலம் எவர் கையில் என்பதை அக்கோல் அளப்பதில்லை. 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். தாளிலே தந்த நிலத்தைத் தரையிலே கேட்டதற்குக் கிடைத்த பரிசு அது! மாமல்லபுரக் கடற்கரைச் சாலை நெடுக மனை விலை ஏறும் இந்நாளில், அக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

மாணவத் தோழனே! ட்ரூமனைப் படி, ஐ.நா. அறிக்கையையும் படி. செங்கற்பட்டின் ஏடுகளையும் உடன் வைத்துப் படி. ஒவ்வொரு திட்டத்தையும் பார்த்துக் கேள்: நிலம் யாருக்கு? முடிவு செய்யும் உரிமை யாருக்கு? இக்கேள்விகளுக்கு விடையில்லாத வளர்ச்சி, வளர்ச்சியன்று, பிச்சையே!