விட்டுக்கொடுக்க உரிமை இல்லாத வாதம்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியது. எதிர்மனுதாரர் யாரென்று பார்த்தால், அந்த நிறுவனத்துக்கே நிலம் எடுத்துக்கொடுத்த தனி வட்டாட்சியர்! 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் அந்த வழக்கு இருக்கிறது. கேள்வி எளியதுதான். நிலம் கொடுத்த விவசாயி இழப்பீடு போதாதென்று நீதிமன்றம் போகிறார். அங்கே அரசுத் தரப்பில் நின்று பேசுவது வட்டாட்சியருக்காக வந்த அரசு வழக்கறிஞர். தொகையைக் கூட்டித் தீர்ப்பானால் பணம் கட்ட வேண்டியது நிறுவனம். அப்படியானால், கட்டப்போகிறவருக்கு அந்த வழக்கில் வாய் திறக்க உரிமை உண்டா? உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பு நிறுவனத்தின் சிக்கலைத் தீர்த்தது. அரசு வழக்கறிஞரின் சிக்கலை அது தொடவில்லை. நிலத்தை இழந்தவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர். நடுவில், இரண்டுமில்லாத ஓர் அலுவலகத்துக்காக வாதாடுபவரின் வேலையை எப்படி மதிப்பிடுவது?

நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம் பக்கத்தில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1956-இல் நிறுவனம் பதிவானதிலிருந்து சுரங்கம் விரிய விரிய, ஊர் ஊராக நிலம் எடுக்கப்பட்டது. கரிவெட்டி, கத்தாழை, மும்முடிச்சோழகன், வளையமாதேவி என்று அந்த வரிசை இன்றும் முடியவில்லை. பழைய 1894-ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த நிலமென்றால், அறிவிக்கை வந்து, தீர்வம் பிறப்பித்து, தொகையை ஆட்சேபித்து வாங்கிக்கொண்டவர் 18-ஆம் பிரிவின்படி வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்பார். எல்.ஏ.ஓ.பி. என்ற எண்ணோடு வழக்கு சார்பு நீதிமன்றத்துக்கு வரும். அரசு வழக்கறிஞர் அதில் வக்காலத்து போட வேண்டியதில்லை. ஆஜராகும் மெமோ கொடுத்தால் போதும். கட்சிக்காரர் கையெழுத்தே இல்லாமல் வழக்கு நடத்தலாம் என்பது சலுகை போலத் தெரியும். நடைமுறையில், கட்சிக்காரர் என்று ஒருவரும் இல்லை என்பதுதான் அதன் பொருள். நிலத்தை அளந்து, விலை குறித்த வட்டாட்சியர் மாற்றலாகிப் போயிருப்பார். அவருக்கு அடுத்தவரும் போயிருப்பார். மிஞ்சுவது கோப்பு. அந்தக் கோப்பிலிருந்து பாராவாரிக் குறிப்புரை வந்தால்தான் எதிருரை. அது வரும்வரை வாய்தா.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியார் கட்சிக்காரருக்குக் கோபம் உண்டு, வீம்பு உண்டு, எதிரியின் மகன் கல்யாணத்துக்குள் ஜப்தி கொண்டுபோக வேண்டுமென்ற ஆசைகூட உண்டு. அரசின் கோப்புக்கு இதெல்லாம் கிடையாது. இழப்பீட்டுத் தொகை யாருக்கு என்று அண்ணன் தம்பியும் பங்காளிகளும் மோதும் வழக்குகளில் அரசு வழக்கறிஞர் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அந்த ஒதுக்கத்தால்தான் கூட்டுப்பட்டாவில் பெயர் விட்டுப்போன தங்கைக்கும் பேச இடம் கிடைக்கிறது. புறம்போக்கையும் ஏரி உள்வாயையும் அனுபவ உரிமை கொண்டாடிப் போடப்படும் வழக்குகள் இன்னொரு வகை. அவற்றை எதிர்க்கத் தனிப்பட்ட லாபமுள்ளவர் ஊரில் எவருமில்லை. அரசு வழக்கறிஞர் இரண்டு வாய்தாவுக்கு வராமல் போனால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு (எக்ஸ்பார்ட்டி டிக்ரி). பொது நிலம் ஒரு காகிதத்தில் கைமாறிவிடும். பழைய 'அ' பதிவேட்டையும் புலப்பட நகலையும் தேடி எடுத்து, கிராம நிர்வாக அலுவலரைக் கூண்டில் ஏற்றி, ஊரின் ஓடையைக் காப்பாற்றிய அரசு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதாது.

குறை எங்கே இருக்கிறது? சோம்பல், திறமையின்மை என்று சொல்வது வழக்கம். என் கணிப்பில் அவை இரண்டாம் பட்சம். வாதாட அதிகாரம் உண்டு, விட்டுக்கொடுக்க அதிகாரம் இல்லை என்பதே இந்தத் தொழிலின் அடிப்படைக் கோணல். பக்கத்து வயலுக்கான கிரயப் பத்திரம் ஒன்றை விவசாயியின் வக்கீல் நீட்டுகிறார். அதிலுள்ள விலை நியாயம் என்று இருவருக்குமே தெரிகிறது. தனியார் வழக்கென்றால் வராந்தாவிலேயே பேசி முடிப்பார்கள். அரசு வழக்கறிஞரோ ஆட்சியருக்கு எழுத வேண்டும், ஆட்சியர் துறைக்கு எழுத வேண்டும், நிறுவனத்தையும் கேட்க வேண்டும். 'சரி, கொடுக்கலாம்' என்று எழுதும் அதிகாரியை நாளை தணிக்கை கேள்வி கேட்கும். 'மேல்முறையீடு செய்க' என்று எழுதுபவரை யாரும் கேட்கமாட்டார்கள். ஆக, எதிர்ப்பதுதான் பத்திரமான வழி. நீதிமன்றத்திடமும் குறை உண்டு. அரசு கட்சியாக உள்ள வழக்குகளில் சமரசத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 27-ஆம் கட்டளையின் 5பி விதி 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்து இருக்கிறது. அதை நினைவூட்டும் வக்கீல்கள் அரிது.

இந்தப் பத்திரமான வழிக்கும் விலை உண்டு. பழைய சட்டப்படி, கூட்டப்பட்ட இழப்பீட்டுக்கு முதல் ஆண்டு 9 சதவீதம், அதன்பின் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. ஒரு லட்சம் கூடியதாக வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு இழுத்தால் வட்டி மட்டும் 1,44,000 ரூபாய், அசலைத் தாண்டிவிடுகிறது. ஆறுதல் தொகை இந்தக் கணக்கில் இல்லை. கருவூலத்தைக் காக்கிறேன் என்று நடத்திய வழக்கு கருவூலத்தையே தின்கிறது. கடைசியில் அமீனா ஜீப்பை ஜப்தி செய்ய வந்து நிற்கும்போதுதான் கோப்பு நகர்கிறது. விவசாயிக்கும் இதனால் பெரிய லாபமில்லை. வட்டியோடு பணம் வரும் நாளில், அந்தப் பணத்துக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் முன்பு கிடைத்திருக்கக்கூடிய நிலம் எட்டாத விலைக்குப் போயிருக்கும்.

தாமதத்தைப் பொறுத்தவரை நீதிமன்றங்களின் மனநிலை மாறிவந்த கதை சுவையானது. 1987-இல் அனந்த்நாக் நிலமெடுப்பு வழக்கில் ஆட்சியரின் மேல்முறையீடு வெறும் நான்கு நாள் தாமதம். அரசையும் தாராளமாக மன்னிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தாராளத்தை அரசுத் துறைகள் நிரந்தர அனுமதிச் சீட்டாக்கிக்கொண்டன. 2012-இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்தோடு வந்தபோது நீதிமன்றம் கதவைச் சாத்தியது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் கழித்து வந்து 25,000 ரூபாய் அபராதம் வாங்கிக்கொண்டு போனது. தள்ளுபடி ஆனது என்று ஒரு சான்றிதழ் வாங்கிக் கோப்பை மூடுவதற்காகவே இப்படி வருகிறார்கள் என்று நீதிபதிகள் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். அங்கே நின்று திட்டு வாங்குவது வழக்கறிஞர். தாமதம் செய்த மேசை வேறெங்கோ இருக்கிறது.

அரசுத் தரப்புக்கு மட்டுமே உள்ள ஒரு வசதியையும் பேசியாக வேண்டும். தோற்றால் சட்டத்தையே மாற்றலாம். தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், மத்திய அரசின் 2013 நிலமெடுப்புச் சட்டம் வந்தபின் செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களில் சட்டப்பேரவை அதற்கு உயிர் கொடுத்தது. அதுவும் 2013 செப்டம்பரிலிருந்தே உயிரோடு இருந்ததாக. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி சரிதான். ஆனால் வென்ற வழக்கு எப்படித் தோற்றது என்று நிலம் கொடுத்தவருக்கு விளக்கும் பொறுப்பு யாருடையது? அரசு வழக்கறிஞரின் வேலைப் பட்டியலில் அது இல்லை.

நியமனம் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்கள் மாறுவார்கள் என்பது நீதிமன்ற வாசல் டீக்கடைக்கும் தெரியும். கூண்டோடு நீக்குவதை 1990-இலும், தகுதி பாராமல் நியமிப்பதை 2016-இலும் உச்ச நீதிமன்றம் கண்டித்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நிலமெடுப்பு வழக்கின் ஆயுள் மூன்று ஆட்சிகளைத் தாண்டும் என்பதால் இது இங்கே கூடுதலாக வலிக்கிறது. சாட்சியை விசாரித்தவர் ஒருவர், வாதுரை சொல்பவர் வேறொருவர்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த நிலம், சுவாதீனம் எங்களுடையது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது என்றார்கள் விவசாயிகள். ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓர் அறுவடை வரை பொறுத்திருந்தாலோ, முன்கூட்டியே அந்தத் தொகையைக் கொடுத்திருந்தாலோ அந்த வழக்குக்கே வேலையில்லை. அப்படி முன்கூட்டி அறிவுரை சொல்ல வேண்டியவர் யார்? அரசு வழக்கறிஞர்தான். அவரைக் கேட்கும் வழக்கம்தான் இல்லை. சம்மன் வந்தபிறகே அவர் நினைவுக்கு வருகிறார்.

ஒவ்வொரு தீர்ப்புக்குப் பின்னும் அவர் எழுதித் தரும் ஒரு கருத்துரை உண்டு: மேல்முறையீட்டுக்கு உகந்ததா, இல்லையா என்று. 'உகந்ததல்ல' என்று எழுதியும் மேல்முறையீடு போவது உண்டு. அப்படிப் போகும் வழக்குகளிலாவது, அந்தக் கருத்துரையையும் அதை மீறி முடிவெடுத்த அதிகாரியின் காரணத்தையும் தாமத மன்னிப்பு மனுவோடு இணைக்கச் சொல்லி ஒரு விதி வர வேண்டும். கட்சிக்காரருக்கு வக்கீல் சொன்னது ரகசியம் என்று சட்டம் படித்தவர்கள் ஆட்சேபிப்பார்கள். தன் சொந்தப் பணத்தில் வழக்காடும் கட்சிக்காரருக்கு அந்த ஆட்சேபம் பொருந்தும்.