கீழாநெல்லியின் மூன்று பெயர்கள்

தமிழில் அதிகம் பேர் வாசிக்கிற வகைப்பாட்டியல் பிரதி எது என்று கேட்டால், ஞாயிறு இணைப்புகளில் வரும் மூலிகைப் பக்கம் என்றுதான் சொல்வேன். தாவரவியல் நூல்கள் கல்லூரியோடு நின்றுவிடுகின்றன. இந்தப் பக்கமோ செஞ்சியில் முடிவெட்டும் கடை பெஞ்சிலும் டீக்கடை மேசையிலும் கிடக்கிறது. ராஜகிரி ஏற வந்த வெளியூர்க்காரர்கள்கூட மூச்சுவாங்கியபடி அதைப் புரட்டுகிறார்கள். அறிவியலும் பாரம்பரியமும் ஓய்வுநாளும் சந்தித்துக்கொள்ளும் இடம் அது. இதை யாரும் விமர்சனத்துக்குரிய பிரதியாக எடுத்துக்கொண்டதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இப்பிரதியின் வடிவம் மாறாதது. மேலே ஒரு படம். படத்துக்குக் கீழே மூன்று பெயர்கள்: தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், தாவரவியல் பெயர். அதன் பிறகு நோய்களின் பட்டியல். கடைசியில் ‘நெல்லிக்காய் அளவு’, ‘ஒரு மண்டலம்’ என்று செய்முறை. மூன்று பெயர்களும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன, ஒன்றை நீக்கி இன்னொன்றை வைத்தால் எதுவும் மாறாது என்ற நம்பிக்கையின் மீதுதான் மொத்தக் கட்டுமானமும் நிற்கிறது. இந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கக் கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளலாம். இப்பக்கங்களில் இதைவிட அடிக்கடி வரும் செடி அநேகமாக இல்லை.

தாவரவியல் பெயர் என்று பெரும்பாலும் அச்சாவது ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் இது. அதற்கு முன்பே, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலில் இவ்வகைச் செடி ‘கிர்கனெலி’ என்று பதிவாகியிருக்கிறது. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த அந்நூலுக்குச் செடிகளை இனங்காட்டியவர்களில் முக்கியமானவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். 1789இல் ஜுஸ்ஸியூ ஒரு பேரினத்துக்கே ‘கிர்கனெலியா’ என்று பெயர் வைத்தார். நம் பக்கத்து வாய்மொழிச் சொல் ஒன்று லத்தீன் உடுப்பு போட்டுக்கொண்டு திரும்பி வந்த கதை இது.

ஆனால் 1950களில் அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர் இக்குடும்பத்தைத் துருவி ஆராய்ந்தபோது சங்கதி வேறாகிவிட்டது. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்மூரில் அந்தப் பெயரில் புழங்கியவை வேறு இனங்கள். அவற்றில் முதன்மையானது ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’. ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையில் சேகரித்த செடிகளைக் கொண்டு 1827இல் விவரிக்கப்பட்ட இனம் அது. அதன் பூர்வீகமும் அமெரிக்க வெப்பமண்டலமாகத்தான் இருக்கவேண்டும் என்று பல தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். ‘நம் மண்ணின் மூலிகை’ என்ற பெருமிதம் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். பெயர் திருத்தப்பட்டு அறுபது எழுபது வருஷமாகியும் ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அங்கே லத்தீன் பெயரின் வேலை செடியை அடையாளம் காட்டுவதல்ல, அறிவியலின் முத்திரையைக் குத்துவது. முத்திரை எதுவாக இருந்தால் என்ன?

சரி, தமிழ்ப் பெயராவது ஒரே செடியைச் சுட்டுகிறதா? இலைக்குக் கீழே வரிசையாகக் காய்க்கிற நெல்லி, அதனால் கீழாநெல்லி. மரநெல்லியையும் இந்தச் சிறு பூண்டையும் உறவாகப் பார்த்த கண் கூர்மையானது. லின்னேயஸின் பெயரீட்டு முறையில் இன்று இரண்டும் ஒரே பேரினத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மழைக்காலம் முடிந்து செஞ்சிச் சுற்றுவட்டாரக் கொல்லைகளிலும் வரப்புகளிலும் முளைத்துக் கிடப்பவற்றில் இப்பெயருக்குள் அடங்குபவை பல. அமாரஸில் பூவிதழ் ஐந்து, ஃப்ராடர்னஸில் ஆறு. யூரினேரியாவின் தண்டு சிவப்போடும், காய் சொரசொரப்பாக இருக்கும். மேலாநெல்லி என்று சிலர் பிரித்துச் சொல்லும் ‘மதராஸ்பட்டென்சிஸ்’ இன்னொன்று. தென்னிந்தியச் சரக்குக் கடைகளில் வாங்கிய மாதிரிகளை மரபணு முறையில் சோதித்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய கால் பங்கு மாதிரிகளில் அமாரஸ் அல்லாத இனங்கள் இருப்பது தெரியவந்தது.

செஞ்சிக் கடைத்தெருவில் பச்சிலை விற்கும் ஓர் அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். “எல்லாம் கீழாநெல்லிதான் தம்பி. ஆனா தண்டு செவந்து கெடந்தா நான் புடுங்க மாட்டேன். சாக்கடை ஓரத்துல மொளச்சதயும் தொட மாட்டேன். காமாலைன்னு வந்து நின்னா மொதல்ல கண்ணத்தான் பாப்பேன். ரொம்ப மஞ்சப் பூத்திருந்தா, ‘இது ஏங்கிட்ட ஆவாது, ஆசுபத்திரிக்குப் போ’ன்னுடுவேன்” என்றார். இந்தப் பேச்சில் பெயர் தனியாக வருவதில்லை. தண்டின் நிறம், முளைத்த இடம், கேட்டு வந்தவரின் கண் எல்லாம் கூடவே வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கும் அதே தெருவில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தப்பாகக் கொடுத்தால் கேட்க ஆள் வரும். ஞாயிறுப் பக்கம் அவரிடமிருந்து பெயரை மட்டும் உருவிக்கொண்டு, இந்தப் பொறுப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போகிறது.

பிரச்சினை செடியின் பக்கம் மட்டுமில்லை. மஞ்சள் காமாலை என்பதும் ஒரே நோயின் பெயரல்ல, பல நோய்களின் அடையாளம். தண்ணீர் வழி பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். ஹெபடைடிஸ் ஈ கர்ப்பிணிகளின் உயிரைக்கூட எடுத்துவிடும். ரத்தம் வழி வரும் ஹெபடைடிஸ் பி சிலரிடம் ஆயுள் முழுக்கத் தங்கும். பித்தக்கல் அடைப்பு, எலிக்காய்ச்சல், ரத்த அணுச் சிதைவு என்று காரணங்கள் இன்னும் உண்டு. பல செடிகளை மூடும் ஒரு சொல்லையும் பல நோய்களை மூடும் ஒரு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘குணமாகும்’ என்று முடிச்சுப் போடுகிறது மூலிகைப் பக்கம். தானாகப் போன காமாலையின் புண்ணியம் செடிக்குப் போகிறது. போகாத காமாலைக்காரர்கள் வாசகர் கடிதம் எழுதுவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும் முயற்சியும் சென்னையில்தான் நடந்தது. தியாகராஜனும் அவரது குழுவினரும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்க்கும் சேர்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நாட்பட்ட பி கிருமி தாங்கிகளுக்கு 30 நாள் அமாரஸ் தூள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெறும் பொய்மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. ஆனால் 1990இல் தாய்லாந்திலிருந்து வெளியான ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, இச்செடியின் பலனுக்கு உறுதியான சான்று இல்லை என்றது. இடையில் எழுந்த விவாதங்களில் ஒன்று: எந்த இடத்துச் செடி? எந்த இனம்? வகைப்பாடு பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் கோட்பாட்டு நண்பர்களிடம் வருகிறேன். ஃபூக்கோவின் ‘சொற்களும் பொருட்களும்’ (1966) வாசித்த பிறகு, வகைப்பாடு என்றாலே அதிகாரத்தின் சொல்லாடல் என்று சொல்வது நமக்கு எளிதாகிவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தில் கடல்வாழ் உயிர்களைப் பதிவு செய்த தர்ஸ்டன்தான் மனிதர்களின் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளில் சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கினார். செஞ்சி வட்டாரத்து இருளர்கள் செடியையும் பாம்பையும் இனம் பிரித்து அறிந்தவர்கள். தாங்கள் எந்த இனம் என்று நிரூபிக்கும் சான்றிதழுக்காக அவர்கள் வருவாய்த்துறை வாசலில் காத்துக் கிடக்க நேர்கிறது. செஞ்சிக் கோட்டையையே பாருங்கள்: நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என்று பல கை மாறிய கோட்டை, 1677 முதல் 1698 வரையிலான இருபத்தோரு ஆண்டுகளை வைத்து, 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ‘மராட்டிய ராணுவ நிலக்காட்சி’ ஆகிவிட்டது. பெயர் வைப்பவன் எதைப் பார்க்க விரும்புகிறானோ அதுவே வகையாகிறது.

ஆனால் இதிலிருந்து ‘ஆகவே எல்லாப் பெயர்களும் சமம், லத்தீன் பெயரும் ஒரு கதையாடல், நாட்டுப் பெயரும் ஒரு கதையாடல்’ என்று தாவுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. மூன்று பெயர்களை ஒரே வரியில் சமமாக அடுக்கும் ஞாயிறுப் பக்கமும் இதைத்தானே செய்கிறது! அந்தப் பக்கம் அறியாமல் செய்வதை நாம் கோட்பாடாகச் செய்கிறோம். ஒவ்வொரு வகைப்பாடும் ஒரு கேள்விக்கான பதில். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கியது. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்றது. அந்தக் கேள்விக்கு மரநெல்லியும் கீழாநெல்லியும் ஒரே வகையல்ல. பூவை எண்ணியவருக்கு உறவு. பச்சிலைக்கார அம்மாவுக்குத் தண்டும் இடமும் முக்கியம். எந்தக் கேள்விக்கு எந்தப் பெயர் என்பதையும், பதில் தவறினால் யார் எப்படித் திருத்துவது என்பதையும் மறைக்கும்போதுதான் வகைப்பாடு அதிகாரமாகிறது. நிரூரி அமாரஸ் ஆனது, வெப்ஸ்டர் போன்ற ஒருவர் பழைய மாதிரியை எடுத்துப் பார்த்துத் தவறென்று சொல்ல வழி இருந்ததால்தான். அம்மாவின் அறிவுக்கும் அப்படியொரு வழி தெருவிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான இந்தத் திருத்தும் வழி ஞாயிறுப் பக்கத்தில் இல்லை.

மூலிகைப் பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. காமாலை வந்த வீட்டில் முதலில் தேடப்படுவது அந்தக் கத்தரித்து வைத்த துண்டுக் காகிதம்தான். ஆகவே அதில் இரண்டு வரி கூடுதலாக அச்சாகட்டும்: இந்தச் செடி எந்த ஊரில், எந்த மாதம், யார் அடையாளம் சொல்லிப் பறித்தது என்று ஒரு வரி. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, கர்ப்பிணி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்று இன்னொரு வரி. பச்சிலைக் கடையில் வாய்வார்த்தையாகக் கிடைப்பது அச்சில் ஏன் வரக்கூடாது?