சிறு கலகங்கள்: பொய், உடைப்பு, மறுப்பு

அன்றாட வாழ்வின் சில்லறைத் தகராறுகளையெல்லாம் எதிர்ப்பு என்று கொண்டாடுவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. மலேசியாவின் கெடா வயல்களுக்கு அறுவடை எந்திரம் வந்தபோது ஏழை விவசாயிகள் வேலையில் காட்டிய மெத்தனத்தையும், செய்த சின்னத் திருட்டுகளையும், பேசிய புறணியையும் ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் எளியோரின் ஆயுதங்கள் என்றார். இடத்தை ஆள்பவனுக்கு வியூகம், இடமற்றவனுக்குத் தந்திரம் என்று மிஷெல் தெ செர்த்தோ 1980லேயே பிரித்துக் காட்டியிருந்தார். இரண்டுமே நமக்கு வேண்டிய சிந்தனைகள்தாம். ஆனால் கெடா விவசாயி வாயைத் திறந்தால் அவன் பிழைப்பே போகும், அதனால் ஒளிந்து நின்றான். வாயைத் திறந்தாலும் ஒன்றும் இழக்காத நாம் அதே ஆயுதத்தை எடுத்தால் அது எதிர்ப்பா, சௌகரியமா?

கேளம்பாக்கத்தைப் பாருங்கள். உப்பளமும் வயலுமாக இருந்த ஊர், பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. கம்பெனிகளை ஒட்டி அடுக்ககங்களின் ஊராகிவிட்டது. இங்கே கடையில் பில் போடும் பெண் 'நம்பர் சொல்லுங்க சார்' என்கிறாள். வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைச் சொல்லிவிட்டு வருகிறோம். கம்பெனிக்காரனை ஏமாத்திட்டோம்னு ஒரு சந்தோஷம். அந்தப் பத்து இலக்கம் யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். இனி விளம்பரத் தொல்லை அவருக்கு. பொய் தொல்லையை ஒழிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது. அதைவிட, எண் கேட்பது நியாயந்தான் என்று ஒப்புக்கொண்டும் விடுகிறது. கடைக்காரர்கள் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. பொய் சொல்பவருக்கு அந்த அறிவுறுத்தல் தேவைப்படுவதே இல்லை.

பொய்க்கு மறுகோடியில் இருப்பது உடைப்பு. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் பரனூர் சுங்கச்சாவடியில் 2020 ஜனவரி 26 அதிகாலை ஒரு அரசுப் பேருந்து ஓட்டுநருக்கும் ஊழியர்களுக்கும் கட்டணத் தகராறு மூண்டது. பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள், சாவடி நொறுங்கியது. அந்தக் கோபம் பொய்யல்ல. ஆனால் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் சாலையின் முதலாளி அல்ல, கூலிக்காரன். அடி அவனோடு நின்றுவிட்டது. வசூல் பிறகு மறுபடி தொடங்கியது. இப்போது ஃபாஸ்டேக் வந்துவிட்டது, சண்டை போடுவதற்கும் அங்கே ஆள் தேவையில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு: மறுப்பு. முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி 'தரமாட்டேன்' என்பது. நாவலூர் சாவடிக்கு எதிராக அந்தச் சாலையின் குடியிருப்போர் சங்கங்கள் வருடக்கணக்கில் மனுக் கொடுத்தன, ஆர்ப்பாட்டம் நடத்தின. பெருங்குடி முதலான நான்கு சாவடிகளில் 2021 ஆகஸ்ட் 30 முதலும், நாவலூரில் 2023 அக்டோபர் 19 முதலும் வசூல் நின்றது. மெட்ரோ ரயில் வேலையும் ஒரு காரணந்தான். ஆனாலும் சந்துவழியே காரை ஓட்டிக் காசு மிச்சம் பிடித்தவரால் அது நிற்கவில்லை. அவர் சாவடியோடு சமாதானமாக வாழக் கற்றுக்கொண்டவர்.

இந்தக் கடற்கரைக்கு இது புதிய பாடமல்ல. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற வழியில் இருப்பவை உப்பளங்கள். சென்னை மாகாணத்து உப்பைக் கம்பெனி 1805இல் தன் ஏகபோகமாக்கியது. அன்றும் கள்ள உப்பு இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அது ஏகபோகத்தின் ஓரத்திலேயே பிழைத்தது, ஏகபோகத்தை யாருக்கும் ஒரு கேள்வியாக்கவில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியுடன் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். ராஜாஜியின் அரசியலோடு நமக்கு ஆயிரம் பிணக்கு இருக்கலாம். ஆனால் அவர்கள் அள்ளியது கள்ள உப்பைவிடக் கொஞ்சம், அள்ளப் போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அள்ளினார்கள். வரி போக 1947 வரை ஆயிற்று என்பதும் உண்மை. மறுப்பு உடனே பலிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஒளிந்து அடிப்பதைத் தவிர வழியே இல்லாதவர்களின் தந்திரத்தை நாம் குறைசொல்ல முடியாது. வழி இருந்தும் ஒளிந்துகொள்பவர்கள் அதற்குக் கலகம் என்று பெயர் வைக்கும்போதுதான் கேட்கவேண்டியிருக்கிறது: உங்கள் எதிராளிக்கு நீங்கள் எதிர்க்கிற சேதி தெரியுமா?