மடித்தால் சட்டைப்பையில் அடங்க வேண்டும்

கறம்பக்குடிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் வைத்துத்தான் அந்த டம்மியை, அதாவது மாதிரி இதழை, என் கையில் கொடுத்தார்கள். பிளஸ் டூ முடித்த இரண்டு பையன்கள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். மூவரும் பறை அடிக்கப் பழகியவர்கள். ஊருக்கென்று ஒரு இசைப் பத்திரிகை, அதுவும் தங்கள் வயதுக்காரர்கள் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது யோசனை. ஏ4 தாளை நடுவே மடித்துப் பின் அடித்த 16 பக்கம். அட்டையில் பிரபல இசையமைப்பாளர் ஒருவரின் முகம். பத்திரிகையின் பெயர் அவர் நெற்றியில் தொடங்கி மூக்குவரை இறங்கியிருந்தது. உள்ளே பக்கத்துக்கு ஒரு நிறம். கறுப்பில் மஞ்சள் எழுத்து, ஊதாவில் சிவப்பு எழுத்து.

“யூத்துக்குப் பிடிக்கணும்ல சார்” என்றான் ஒருவன்.

“நீங்க மூணு பேரும் இதை முழுசாப் படிச்சீங்களா?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “டிசைன் பண்ணினேன் சார். படிக்கல” என்றாள் அந்தப் பெண். உண்மையைச் சொன்னதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இளைஞர் பத்திரிகை என்றால் நிறத்தைக் கூட்டு, முகத்தைப் பெரிதாக்கு, எழுத்தைக் குறை என்று நம் பத்திரிகை அலுவலகங்களில் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு இளவட்டங்கள் காசு கொடுத்து வாங்கி, நாலாக மடித்து, வியர்வையில் ஊறவைத்து, மனப்பாடம் ஆகும்வரை விடாமல் வைத்திருந்த இசை அச்சுப் பண்டம் ஒன்று உண்டு. அதில் வண்ணம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வடிவமைத்தவர் என்று ஒருவர் பெயரும் கிடையாது. பாட்டுப் புத்தகத்தைச் சொல்கிறேன்.

1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் சினிமா பாடத் தொடங்கிய பிறகு, படத்துக்குப் படம் பாட்டுப் புத்தகம் அச்சாயிற்று. மட்டமான காகிதம். அட்டையில் படத்தின் பெயரும் ஒரு பிளாக்கும். திருப்பினால் நடிகர் பட்டியல், அடுத்து கதைச்சுருக்கம். கதாநாயகி ஆபத்தில் மாட்டும் இடத்தில் கதையை நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு பாட்டு, பாட்டு, பாட்டு. தியேட்டர் வாசலில் விற்றது; பின்னாளில் பத்துப் படப் பாடல்களைச் சேர்த்துத் தைத்துப் பேருந்து நிலையங்களில் விற்றார்கள். படித்தவர்கள் குப்பை என்று தள்ளிய இந்தச் சரக்கையும் சேர்த்துவைக்கக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் மாதிரி ஒரு மனிதர் தேவைப்பட்டார். அவருடைய சேகரிப்பிலிருந்து பிறந்த சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்றும் பாட்டுப் புத்தகங்களைப் பார்க்கலாம்.

என்னிடம் இருக்கும் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். முதல் பாட்டிலேயே தடுக்கி நின்றாள். ‘லை’யும் ‘ணை’யும் யானைத் துதிக்கை மாதிரி சுருண்டிருந்த பழைய அச்சு, 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தியது. இரண்டு வரி போனதும் பழகிவிட்டது. மூன்றாவது வரியில் அவள் படிப்பதை நிறுத்திவிட்டு முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள்.

அதுதான் அந்தப் பக்கத்தின் வேலை. பல்லவி ஒருமுறை முழுதாக வரும்; சரணத்துக்குப் பிறகு அதன் முதல் சொல் மட்டும் அடைப்புக்குள் வரும். பாடுகிறவனுக்கு அது போதும். ‘ஆண்’, ‘பெண்’, ‘இருவரும்’ என்று ஓரத்தில் இருப்பதைப் பார்த்து யார் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: நல்ல பாட்டுப் புத்தகத்தில் வரிகள் இலக்கணப்படி முறிவதில்லை, மூச்சுப்படி முறிகின்றன. எழுவாயும் பயனிலையும் வேறு வேறு வரிகளில் கிடக்கும்; பாடிப் பார்த்தால் அங்கேதான் மூச்சு விட வேண்டியிருக்கும். அச்சுக்கோத்தவர் ராகம் தாளம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்திருப்பார், பாட்டு காதில் கிடந்திருக்கும்.

கறம்பக்குடியிலிருந்து கிழக்கே பட்டுக்கோட்டை அதிகத் தூரம் இல்லை. அந்தப் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்து, 29 வயதிலேயே போய்ச் சேர்ந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளை அவர் காலத்து வாலிபர்கள் எத்தனையோ பேர் இந்த மட்டக் காகிதத்தில்தான் முதலில் எழுத்தாகப் பார்த்தார்கள். பாடியவரையும் இசையமைத்தவரையும் காது சொல்லிவிடும். எழுதியவர் யார் என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

பாட்டுப் புத்தகத்தின் இதே சூத்திரத்தை இங்கிலாந்தில் ஒருவர் வேறு வழியில் கண்டுபிடித்தார். ‘என்எம்இ’ என்ற இசை வாரப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த நிக் லோகன் 1978இல் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ தொடங்கினார். அதில் விமர்சனக் கட்டுரைகளின் கனம் இல்லை. அப்போது ஓடிக்கொண்டிருந்த பாடல்களின் வரிகள் பளபளப்பான தாளில் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2006வரை வந்தது. நம் பாட்டுப் புத்தகத்தை ஆர்ட் பேப்பரில் அடித்தால் எப்படியிருக்குமோ அப்படி. ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ தொடங்கி இரண்டு வருடம் கழித்து, 1980இல், அதே லோகன் ‘தி ஃபேஸ்’ தொடங்கினார். நெவில் பிராடி அதில் செய்த எழுத்து வடிவமைப்பை வடிவமைப்புக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வைக்கிறார்கள். பாடமாக வைப்பது எப்போதுமே ‘தி ஃபேஸை’த்தான். ‘ஸ்மாஷ் ஹிட்ஸை’ யாரும் சீந்துவதில்லை.

தமிழில் இசையைப் பற்றிய எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதி கச்சேரிக்கே போகாதவர்களையும் கச்சேரி பற்றிச் சண்டை போட வைத்தது. அந்தக் கால விகடனில் மாலி வரைந்த வித்வான்களின் கோட்டுச் சித்திரங்களைப் பார்த்தால் யார் எந்த இடத்தில் கழுத்தைச் சாய்ப்பார் என்பதுகூடத் தெரியும். நாலு கோட்டில் ஒரு பாணி. இசையைக் காகிதத்தில் காட்டுவது எப்படி என்று கேட்கிற வடிவமைப்பாளர் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் மாலியைப் பார்க்க வேண்டும்.

சினிமாப் பத்திரிகைகளின் கதை வேறு. 1942இல் ‘பேசும் படம்’, 1966இல் ‘பொம்மை’. ஜெயலலிதா எம்.ஜி.ஆரைப் பேட்டி காண்பது போன்ற உத்திகளையெல்லாம் ‘பொம்மை’ அன்றே செய்து பார்த்துவிட்டது. ஆனால் அவை முகங்களின் பத்திரிகைகள். பாட்டைக் கேட்டு வாங்கியவனுக்கு அவை தந்தது நடித்தவரின் படத்தை. இந்தப் பிள்ளைகளின் டம்மி அட்டையில் நெற்றியிலிருந்து மூக்குவரை எழுத்து இறங்கிய அந்த முகமும் இந்த வம்சம்தான். ஆங்கிலத்தில் ‘ஸ்ருதி’ 1983 முதல் சென்னையிலிருந்து மரபிசைக்கும் நடனத்துக்கும் என்றே வந்தது, அருமையான பத்திரிகை. 18 வயதுக்காரனை அது கூப்பிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

என் தலைமுறைக்கு இசைப் பத்திரிகையாக இருந்தது கேசட் அட்டை. கடையில் போய் நமக்கு வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் 60 நிமிடமோ 90 நிமிடமோ பதிந்து தருவார்கள். உள்ளே வைக்கும் அட்டையில் ஏ பக்கம், பி பக்கம் என்று கோடு போட்டு, பாட்டின் முதல் சொல், படம், முடிந்தால் பாடியவர் பெயர். இடம் போதாமல் கடைசி இரண்டு பாட்டு எறும்பு மாதிரி போகும். சிவப்பு மையில் இளையராஜா, நீல மையில் மற்றவர்கள் என்று எழுதிய நண்பன் ஒருவன் இருந்தான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அவன் மண்டையை உடைத்துக்கொண்டதற்குப் பெயர் எடிட்டிங் என்று பத்திரிகைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்திய ஆங்கிலத்தில் இளைஞர் பத்திரிகை என்றால் கல்கத்தாவிலிருந்து 1967 முதல் பத்து வருடம் வந்த ‘ஜேஎஸ்’ஸைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது 1993இல் அமித் சைகல் அலகாபாத்தில் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’. பம்பாயில் இல்லை, டெல்லியில் இல்லை, அலகாபாத்தில். எங்கெங்கோ கல்லூரி விழாக்களில் வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் ஒருவர் பெயரை ஒருவர் அதில் பார்த்துக்கொண்டார்கள். அது கறம்பக்குடிக்கும் பொருந்தும். 2018இல் சூப்பர் சிங்கர் பட்டம் வென்ற செந்தில் கணேஷ் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்தான். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்த ஊர் இது. பக்கத்து ஊரில் யார் தவில் வாசிக்கிறார் என்பதுதான் தெரிவதில்லை.

பையன்களில் ஒருவன் கைப்பேசியில் ‘ரே கன்’ இதழின் பக்கங்களைக் காட்டினான். 1990களில் டேவிட் கார்சன் வடிவமைத்த அமெரிக்க இசைப் பத்திரிகை. பிரையன் ஃபெரி பேட்டி சுவாரசியமாக இல்லை என்று அதை எழுத்துக்குப் பதில் குறியீடுகள் மட்டுமே உள்ள எழுத்துருவில் அச்சடித்தவர் அவர். “செம்ம சார்” என்றான். செம்மதான். ஆனால் கார்சன் உடைத்துப் போட்ட பக்கத்தை நாம் தமிழில் அப்படியே உடைக்க முடியாது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு ஜாதி; தலைப்பில் பெரிய எழுத்தை மட்டும் போட்டாலே ஒரு குரல் வந்துவிடும். தமிழுக்கு அது கிடையாது. நமக்கு மேலே சுழியும் புள்ளியும், கீழே வாலும் உண்டு. வரிக்கு வரி இடைவெளி கூடுதலாகக் கேட்கும். சொற்களோ ரயில் வண்டி. ‘அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்’ என்று ஒரு சொல் வந்தால் மூன்று பத்திப் பக்கத்தில் ஒரு வரியை அதுவே தின்றுவிட்டு அடுத்த வரியிலும் எட்டிப் பார்க்கும். இரண்டு ஓரமும் நேராக வர வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் நடுவில் ஓட்டை விழும். அந்தக் காலத்தில் தலைப்புகளை ஓவியர்கள் கையால் எழுதியதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை.

பாடல் வரிக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. அது பிறப்பிலேயே குட்டை வரி. வலது ஓரம் எப்படிக் கிடந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. தமிழ் எழுத்து கூச்சமில்லாமல் நிற்கக்கூடிய பக்கம் அதுதான். அந்த டம்மியின் 16 பக்கத்தில் ஒரு பாட்டின் வரிகூட இல்லை என்பதைச் சொன்னேன்.

“அதான் போன்லயே ஓடுதே சார்.”

ஓடுகிறது. பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். லகரத்துக்கும் ளகரத்துக்கும் அங்கே வித்தியாசம் தெரியாது. பாட்டுப் போட்டி மேடையில் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். பாட்டுப் புத்தகம் விட்டுப்போன இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

அவர்களை நான் குடுமியான்மலைக்குப் போகச் சொன்னேன். புதுக்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். குடைவரைக்குப் பக்கத்தில், பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இசைக் கல்வெட்டு. வெட்டுவித்தது மகேந்திரவர்மன் என்பார்கள், இல்லை என்பவர்களும் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். பக்கத்தைப் பாருங்கள். ஏழு பகுதி. சுரங்கள் நான்கு நான்காகக் கட்டுப்போட்டு, வரிசை பிசகாமல் நிற்கும். ஒரே சுரம் ச, சி, சு, செ என்று உயிர் மாறி மாறி வரும். அலங்காரம் ஏதும் இல்லை. முடிவில், ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் சீடர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று குறிப்பு. இளம் வாசகருக்கென்று நம் மாவட்டத்தில் வெளியான முதல் இசைப் பிரசுரம் அதுதான் என்று சொன்னபோது மூவரும் சிரித்தார்கள். நான் பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அடுத்த டம்மி வந்தது. ஒரே ஏ4 தாள், மூன்று மடிப்பு, எட்டுப் பக்கம், சட்டைப்பையில் அடங்கியது. கறுப்பு மை மட்டும். அட்டையில் முகத்துக்குப் பதில் பறையின் வட்டம், கொஞ்சம் கோணலாக, கையால் போட்டது. நடுப்பக்கத்தில் அந்தப் பெண்ணின் அப்பாயி பாடும் நடவுப் பாட்டு. ஒரு வரி அப்பாயி, ஒரு வரி கூட்டம் என்று பிரித்து, எதிர்ப் பக்கத்தில் பறையின் அடியைத் தகிட தகதிமியாக எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கம் வெறும் கோடு போட்டது. வாசகர் தன் ஊர்ப் பாட்டை எழுதிக்கொள்ள. குறை இருந்தது. ஜெராக்ஸில் அடியும் முடியும் மாறி, ஐந்தாம் பக்கம் தலைகீழாக நின்றது.

“அப்பாயிகிட்ட காமிச்சியா?”

“அதுக்குப் படிக்கத் தெரியாது சார். நான் புத்தகத்தைப் பார்த்துப் பாடிக் காமிச்சேன். மூணாவது வரியில நிப்பாட்டிருச்சு. ‘அங்கெ எவடி மூச்சு விடுவா, நாத்து கையில இருக்கும்ல’ன்னு கேக்குது.”

சொல்லிக்கொண்டே பால்பாயின்ட் பேனாவைத் திறந்து, மூன்றாம் வரியின் முனையிலிருந்து நான்காம் வரியின் தொடக்கத்துக்கு ஒரு வளைகோடு இழுத்தாள்.